எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்

நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தை நம்பி நடக்கும் தொழில்களில் மெஸ் உண்டு, விடுதி உண்டு, ஜெராக்ஸ் கடை உண்டு. ஆய்வேடு தட்டச்சும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்கள் கைப்பிரதியைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். டிடிபி சென்டரில் உட்கார்ந்திருக்கும் அக்கா அதை அடித்து முதல் புரூஃப் எடுப்பார். நெறியாளரின் சிவப்பு மையோடு அது திரும்பி வரும். இப்படி இரண்டு மூன்று சுற்று முடிந்த பிறகு கறுப்பு ரெக்ஸின் அட்டை, அதன்மேல் பொன்னெழுத்து. நாட்டார் கதை, கோயில் வழிபாடு, கிளைமொழி, நாவல் ஆய்வு என்று கணினி வந்த காலத்திலிருந்து இந்தப் பக்கம் தமிழில் எழுதப்பட்டவற்றில் கணிசமானவை இத்தகைய கடைகளின் வழியாகத்தான் வெளியே வந்தன.

அந்த ஆய்வாளர்களில் சிலர் இன்று ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். ஆய்வேட்டை நூலாக்கலாம் என்று பழைய சிடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கோப்பு திறக்கிறது. ஆனால் திரையில் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக வரிகள் ஓடுகின்றன. "சார், இது பாமினியில அடிச்சது. அந்த ஃபான்ட் இருந்தாத்தான் தமிழாத் தெரியும். பேஜ்மேக்கர்ல வச்சிருந்தீங்கன்னா அதுவும் வேணும்" என்கிறார் கடைக்காரர். ஊர் ஊராய் அலைந்து, பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்டுச் சேர்த்த கதைகள் அந்தத் தட்டுக்குள் இருக்கின்றன. எழுதியவர் எதிரிலேயே நிற்கிறார். அவராலேயே அதைப் படிக்க முடியவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்தார்கள். விசைப்பலகையில் எம் அடித்தால் திரையில் 'அ' தெரியும். கே அடித்தால் 'ம'. அரைப்புள்ளிக் குறி, மெய்யெழுத்தின் புள்ளியாகும். ஹெச் துணைக்காலாகும். ஆகவே 'அம்மா' என்று நாம் படிப்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றே கிடக்கிறது. அகரவரிசைப்படுத்தச் சொன்னால் 'அ'வைக் கொண்டுபோய் எம் வரிசையில் வைக்கும். 'அம்மா' என்று தமிழில் அடித்துத் தேடினால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சொல்லும். வானவில்லுக்கு வேறு வரிசை, இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கு வேறொன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடை அரசு தரமாக ஏற்றது 2010இல். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. இருந்தும் கடைகளில் பாமினி இன்றும் ஓடுகிறது. அங்கே பக்கம் கட்டும் பழைய பேஜ்மேக்கருக்கும் பழைய ஃபோட்டோஷாப்புக்கும் யூனிகோட் தமிழ் பிடிபடாது என்பதே காரணம்.

இதற்கு மாற்றாக, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது காசு வேண்டாம் என்ற வாதத்தை. எங்கள் ஊரில் அது எடுபடாது. மென்பொருளுக்கு இங்கே யாரும் காசு கொடுத்துப் பழகவில்லை. "அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே" என்றால், "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுருவோம்" என்பார் கடைக்காரத் தம்பி. அவர் பென் டிரைவில் விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் கிராக்கோடு இருக்கும். கொடுக்கிற காசு அவருடைய கூலிக்கு. நிலைமை இப்படி இருக்கும்போது, காசில்லாமல் கிடைக்கும் ஒன்றை விட்டுவிட்டுக் காசில்லாத இன்னொன்றுக்கு ஏன் மாற வேண்டும்? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸைப் பரிந்துரைப்பதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறேன்.

என் பதில் அந்தப் பழைய சிடியில் இருக்கிறது. திருடிப் போட்டாலும் பூட்டு பூட்டுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 7.0, 2001இல் வந்தது. அதன்பின் அடோபி அதை வளர்க்காமல் விட்டுவிட்டது. அதில் வைத்த கோப்புகளின் உள்ளமைப்பு அந்த நிறுவனத்தின் கையில் இருந்த இரகசியம். காசு கொடுத்து வாங்கியவரும் கிராக் போட்டவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி கைவிடப்பட்டார்கள். பிறகு அந்தக் கோப்புகளைத் திறக்க வழி செய்தது யார் என்று தேடினால் வியப்பு வருகிறது. கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களை மீட்பதற்கென்றே கட்டற்ற மென்பொருள்காரர்கள் 2014இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் எழுதப்பட்ட ஒரு நிரல் நூலகம் பேஜ்மேக்கர் கோப்பின் அமைப்பை வெளியிலிருந்தே துருவிக் கண்டுபிடித்தது. 2015 தொடக்கத்தில் வந்த லிப்ரெஆபிஸ் 4.4 பதிப்பிலிருந்து அந்தக் கோப்புகளைத் திறக்க முடிகிறது. எல்லாம் அச்சாக வராது, பக்க அமைப்பு கலையும். ஆனாலும் உரை கிடைத்துவிடும். அதைப் 'பொங்குதமிழ்' போன்ற ஒரு மாற்றியில் இட்டால் பாமினி யூனிகோடாகிவிடும். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் அப்போதுதான் கணினிக்கும் அம்மாவாகிறது.

நம் மாநிலம் கட்டற்ற மென்பொருளின் திசையில் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. பலமுறை கிளம்பியிருக்கிறது. சி. உமாசங்கர் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த நிறுவனத்தின் சொந்த அலுவலகமே சுசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறியது. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கிய கணினிகளில் லினக்ஸ் போனது. பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்களுக்கு 'ஸ்டார் ஆபிஸ்' என்ற பெயர் மறந்திருக்காது. 2018இல் புதிதாக வந்த பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் பாடநூலும் ஓப்பன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்றே கற்றுத்தருகிறது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. தமிழ் இடைமுகம் உள்ளது. கணினியை இயக்கியதும் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். சில விநாடி காத்திருக்கும். நாம் எதையும் தொடாவிட்டால் தானே ஒன்றுக்குள் போய்விடும்.

அந்தச் சில விநாடிகளில் என்ன தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்த முதல் கணினி அது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இங்கே கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு அவர்கள் குடும்பத்திலேயே முதல் கணினி. கொஞ்ச நாளில் இடம் போதவில்லை என்று கடைக்குப் போனால், 'தேவையில்லாத' பாஸை அழித்து அந்த இடத்தையும் விண்டோஸுக்கே சேர்த்துக் கொடுத்தார்கள். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் செய்தார். கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் எப்படி நடந்தது என்பதை ஒப்பிட்டால் நமக்கு எங்கே அறுந்தது என்று தெரியும். அங்கே ஆசிரியர்களை முதலில் உட்காரவைத்துப் பழக்கினார்கள். பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வையே கட்டற்ற மென்பொருளில் நடத்தினார்கள். இயங்குதளத்தைப் பள்ளிக்கேற்பத் தாங்களே தொகுத்தார்கள், மலையாளம் சரியாகத் தெரியாத இடங்களைத் திருத்தினார்கள். நாம் பாடநூலில் எழுதினோம், கணினியில் ஏற்றினோம். இரண்டையும் இணைக்கும் ஆசிரியருக்கு எதையும் செய்யவில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போன ஒரு வாய்ப்பு கடைக்கு வந்த முதல் நாளிலேயே அழிந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

அந்த மடிக்கணினிகள் பல இன்னும் பரண்மேல் இருக்கின்றன. முதல் தொகுதியில் வந்தவற்றுக்கு 2 ஜிபி நினைவகம். அதில் இன்றைய விண்டோஸ் நகராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகளில் கிடையாது. ஆனால் லுபுண்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அந்தக் கணினி கடிதம் எழுத, கணக்குப் பார்க்க, பிடிஎஃப் படிக்க எழுந்து உட்காரும். உலாவியில் பத்துச் சாளரம் திறந்தால் திணறும்தான். ஒரு மகளிர் குழுவின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கை வைத்துக்கொள்ள அது போதும்.

என் அன்றாட வேலை முழுக்கக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. கட்டுரை எழுத லிப்ரெஆபிஸ் ரைட்டர். படத்தைச் சீராக்க கிம்ப். அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தை இத்தனை கேபிக்குள் சுருக்கித் தாருங்கள் என்று தெருப் பிள்ளைகள் வந்தால் அதற்கும் கிம்ப்தான். பேட்டிகளைக் கேட்டு எழுத ஆடசிட்டி. வீடியோ பார்க்க விஎல்சி. 1996இல் பாரிஸ் மாணவர்கள் விடுதி வலையமைப்புக்காகத் தொடங்கிய வேலை அது. இன்று அதில் ஓடாத வீடியோ அரிது. சிற்றிதழ் பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். இது ஒன்றுக்கு மட்டும் நாங்கள் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலைப்பதிப்பில் தமிழ் ஒழுங்காக நிற்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல். எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும், எது எதோடு சேர வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் 'கொ' உடையாமல் தெரிவதும் அதனால்தான். ஒருமுறை சரியாகச் செய்தது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

தட்டச்சுக்குத் தமிழ்99. லினக்ஸில் அதற்குத் தனியாக எதையும் தேடிப் போக வேண்டாம், அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் போதும். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'தங்கம்' என்று அடிக்கும்போது ங, க என்று தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'க'வை இருமுறை தட்டினால் 'க்க'. தமிழின் மெய்ம்மயக்கம் தெரிந்தவர்கள் வடிவமைத்த பலகை. பழகியபின் கைக்குத் தமிழ் எழுதுகிறோம் என்ற உணர்வு வருகிறது. ஆங்கில ஒலியில் அடிப்பவர்களுக்கு இந்தச் சுகத்தை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. விண்டோஸில் இருப்பவர்களுக்கு முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் செய்த எ-கலப்பை இருக்கிறது. வலைப்பதிவுக் காலத்தில் ஒரு தலைமுறையே அதைக் கொண்டுதான் தமிழில் எழுதவந்தது.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்குத் தணிக்கையாளரிடம் வேலை பார்க்கும் பெண்ணிடம் போய் மாறச் சொல்வது நியாயமில்லை. சில அரசு இணையதளங்களின் டிஜிட்டல் கையொப்பக் கருவி மக்கர் செய்யும். எல்லாவற்றையும்விட பிரிண்டர். கடைதோறும் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் சில, கணினியோடு பேசும் முறையை இரகசியமாக வைத்திருப்பவை. லினக்ஸில் அவற்றை ஓடவைக்க ஒரு முழு மாலை போய்விடும். பிரிண்டரில்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கமே பிறந்தது என்பது இந்த மாலைகளில் எனக்குத் தெம்பு தரும் செய்தி. 1980ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் புதிதாக வந்த லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அச்சுக்குக் காத்திருக்கும் எல்லாருடைய திரையிலும் செய்தி வரும்படி நிரலை மாற்றலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். முந்தைய பிரிண்டருக்கு அப்படித்தான் செய்திருந்தார். மூலநிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டபோது, யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார் அவர். அந்தக் கோபம் 1983இல் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டமானது, 1989இல் பொது உரிமம் ஆனது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், கொடுக்கும்போது அடுத்தவருக்கும் இதே உரிமையைக் கொடு என்பது அந்த உரிமத்தின் சாரம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் சீக்கிரமே அந்த உரிமத்துக்குள் வந்தது.

லினக்ஸ் கருவின் மூலநிரலோடு ஒரு சாதாரண உரைக் கோப்பு வரும். யார் என்ன செய்தார் என்று பெயர், முகவரியோடு அதில் எழுதியிருப்பார்கள். ஒரு பழைய ஒலியட்டைக்கு வழி செய்தவர், ஒரு பிழையைக் களைந்தவர் என்று வரிசையாகப் பெயர்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்துக் கொங்கர்புளியங்குளம் குன்று நினைவுக்கு வரும். சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும், கொடை தந்தவர்களின் பெயரைச் சொல்லும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் அங்கே இருக்கின்றன. இரண்டாயிரம் வருடம் கடந்த பெயர்கள். படுத்தவரிடம் யாரும் வாடகை கேட்கவில்லை, செய்தவரின் பெயரும் மறைக்கப்படவில்லை. மதுரைப் பக்கத்து மனிதர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதென்று நான் நம்பவில்லை.

எங்கள் ஊரின் பெயரிலேயே அதற்குச் சாட்சி உண்டு. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்தியவர்கள் மதுரையில் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன், பல நாடுகளில் சிதறியிருந்த தன்னார்வலர்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். நூல்களை அவரவர் வீட்டில் தட்டச்சு செய்தார்கள், மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார், எல்லாருக்கும் இலவசமாக வைத்தார்கள். முதலில் மயிலை எழுத்துருவில், பிறகு டிஸ்கிக் குறியாக்கத்தில், பிறகு யூனிகோடில். குறியாக்கம் மாறும்போதெல்லாம் நூல்களும் கூடவே நடந்து வந்தன. எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும், எடுத்து மாற்ற உரிமையும் இருந்தது. அதே ஆண்டுகளில் இங்கே கடைகளில் அடித்த ஆய்வேடுகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

அந்த ஆய்வேடுகளில் பல இப்போது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பிடிஎஃப்பாக இருக்கின்றன. அந்தத் தளமே டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடுவது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் பழைய எழுத்துரு ஆய்வேட்டில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. டெசராக்ட் என்ற எழுத்துணரியைக் கொண்டு பக்கத்தைப் படமாக வாசிக்கச் செய்தால் யூனிகோட் உரை வரும். ஹெச்பி நிறுவனம் 1985இல் தொடங்கி, பின்னர் கைவிட்டு, 2005இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட நிரல் அது. 2018இல் வந்த நான்காம் பதிப்புக்குப் பின் தமிழை நன்றாகவே வாசிக்கிறது. துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும், பழைய அச்சு மங்கியிருந்தால் தடுமாறும். திருத்த ஆள் வேண்டும்.

திருத்தத்தில்தான் இன்று பெரிய குறை இருக்கிறது. ஆங்கிலத்தில் தவறாக அடித்தால் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. தமிழில் அதை நம்ப முடிவதில்லை. மதுரையைச் சேர்ந்த நீச்சல்காரன் செய்த நாவியும் வாணியும் சந்தியையும் எழுத்துப்பிழையையும் இணையத்தில் திருத்தித் தருகின்றன. நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். எழுதும் இடத்திலேயே, இணையம் இல்லாமலே வேண்டுமென்றால் ஹன்ஸ்பெல் என்ற கட்டற்ற பிழைதிருத்தி வழியாகத்தான் வர வேண்டும். லிப்ரெஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்துவது அதைத்தான். ஹங்கேரியரான லாஸ்லோ நெமெத் தன் மொழிக்காக எழுதியது. ஹங்கேரியனும் தமிழைப் போல ஒட்டு மேல் ஒட்டாக அடுக்கும் மொழி.

அதற்கு இரண்டு உரைக் கோப்பு போதும். ஒன்றில் வேர்ச்சொற்கள். மற்றொன்றில் விதிகள்: 'ம்' என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு 'த்தை' சேர், 'த்தில்' சேர், 'த்துக்கு' சேர். மரம் என்ற ஒரு சொல்லிலிருந்து மரத்தை, மரத்தில், மரத்துக்கு. பின்னால் வல்லினம் வந்தால் மரத்தைக், மரத்தைச், மரத்தைத், மரத்தைப் என்று ஒவ்வொன்றும் பிரியும். இதற்குமேல் உம், ஏ, ஓ, தான், கூட. தன்னார்வலர்கள் சிலர் தமிழுக்கு இதைத் தொடங்கிவைத்திருக்கிறார்கள். தேவைக்கு இன்னும் எட்டவில்லை. இந்தக் கோப்பை எழுத நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை, புணர்ச்சி விதி தெரிய வேண்டும். 1966இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக வந்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியலறிஞர். அடுத்து வந்த மு. வரதராசனாரும் தமிழாசிரியர். அவர்கள் வளர்த்த வளாகத்தில் தமிழ் படிக்கும் ஒரு முதுகலை வகுப்பு, ஒரு பருவத்துக்குப் பெயர்ச்சொல்லின் வேற்றுமை வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஈற்றெழுத்து வாரியாக விதிகளைப் பிரித்து எழுதலாம். ஒருவருக்கு மகர ஈறு, ஒருவருக்குக் குற்றியலுகரம், ஒருவருக்கு 'டு', 'று' இரட்டிப்பவை. முதலில் வேற்றுமையை முடிக்கட்டும். வினைமுற்றுகளுக்கு இன்னும் இரண்டு பருவமாவது ஆகும்.